மணமான மகளுக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு: டெல்டா குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

தந்தையின் கருமாதி முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பும் முன்பே, "பட்டா மாற்ற ஒரு கையெழுத்து வேண்டியிருக்கிறது, நாளைக் காலையில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்துவிட்டுப் போ" என்று அண்ணன் சொல்வது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நிலவுடைமைக் குடும்பங்களில் பழகிப்போன ஒரு காட்சி. பட்டா மாறுதல் வட்டாட்சியர் அலுவலகத்தின் வேலை என்பதும், சார்பதிவாளர் முன்னால் மகள் இடும் கையெழுத்து பெரும்பாலும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கானது என்பதும் அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. பங்கை விட்டுக்கொடுப்பது அவரவர் விருப்பம். ஆனால் எவ்வளவை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்த பிறகு விட்டுக்கொடுப்பதே முறை. அதைத் தெரிந்துகொள்ளும் வழியைப் படிப்படியாகக் கீழே விளக்கியிருக்கிறேன். ஐந்தாம் படி முடியும் வரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

முதல் படி: எந்தச் சட்டம் என்று உறுதிசெய்தல்

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் இந்துக்களோடு பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கும் பொருந்தும். நாகூரின் இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் வேளாங்கண்ணியின் கிறித்தவக் குடும்பங்களுக்கும் வேறு சட்டங்கள் உள்ளன. அவை இங்கே பேசப்படவில்லை. முறைப்படி தத்தெடுக்கப்பட்ட மகளும் இந்தச் சட்டத்தின்படி மகளே.

இரண்டாம் படி: சொத்து எந்த வழியில் வந்தது என்று பிரித்தல்

இந்தப் படியில் செய்யும் பிழைதான் பின்னால் வரும் எல்லாக் கணக்கையும் கெடுக்கிறது. தாத்தா காலத்திலிருந்து கையில் இருக்கும் நிலம் அனைத்தையும் பூர்வீகம் என்று சொல்வது நம் பேச்சு வழக்கு. சட்டம் அந்தச் சொல்லை அவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவதில்லை. ஆகவே ஒவ்வொரு புல எண்ணையும் தனித்தனியே எடுத்து, அது கடைசியாக யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டில், எந்த வகையில் மாறியது என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

தந்தை தம் உடன்பிறந்தாரோடு பாகம் பிரித்துக்கொண்டபோது பூர்வீகச் சொத்திலிருந்து அவருக்கு விழுந்த நிலம், அவருடைய பிள்ளைகளைப் பொறுத்தவரை பூர்வீகச் சொத்தாகவே தொடர்கிறது. 1956 சட்டத்துக்கு முன்பே இறந்துபோன தாத்தாவிடமிருந்து தந்தைக்கு வந்ததும் அப்படியே. இவற்றில் மகனுக்கு இருப்பதைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு. அந்தப் பங்குக்காகத் தந்தை இறக்கும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

தந்தை தம் உழைப்பில் வாங்கியது, அவருக்கு ஒருவர் உயிலாகவோ செட்டில்மெண்டாகவோ (வாழ்நாளிலேயே தானமாக எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதிவைத்தது ஆகியவை அவருடைய தனிச்சொத்து. தாத்தாவின் தனிச்சொத்தாக இருந்து, அவர் 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்ததால் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி தந்தைக்கு வாரிசாக வந்த நிலமும் தந்தையின் தனிச்சொத்தே என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் சந்தர் சென் வழக்கிலும், மறுபடி 2016-இல் உத்தம் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. "தாத்தா சொத்தை அப்பா எழுதிவைக்க முடியாது" என்ற நம்பிக்கையில் பலர் சறுக்குவது இங்கேதான். தனிச்சொத்தைத் தந்தை தம் வாழ்நாளில் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், கொடுக்கலாம், எழுதிவைக்கலாம். அவர் உயில் எழுதாமல் இறந்தால்தான் மகளுக்கு அதில் பங்கு. அப்போது அந்தப் பங்கு மகன் பெறுவதற்கு நிகரானது. இந்த உரிமை 1956-இலிருந்தே உள்ளது என்பதையும், 2005 திருத்தத்தோடு இதற்குத் தொடர்பில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

1956-க்கு முன்பே இறந்த தந்தையின் தனிச்சொத்து பற்றியும் ஒரு தீர்ப்பு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கில், மகன் இல்லாத தந்தை நீதிமன்ற ஏலத்தில் சொந்தமாக வாங்கிய சொத்து அவருடைய ஒரே மகளுக்கே வரும், உடன்பிறந்தானின் மகனுக்குப் போகாது என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தாய் பெயரில் உள்ள நிலத்தையும் மறந்துவிடக் கூடாது. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மனைவி பெயரில் சில மா நிலத்தை எழுதிவைத்த வீடுகள் இங்கே பல உண்டு. 14-ஆம் பிரிவின்படி பெண்ணின் உடைமையில் உள்ள சொத்து பொதுவாக அவளுக்கே முழு உரிமையானது. அவள் உயில் இல்லாமல் இறந்தால் மகன்கள், மகள்கள், கணவர் ஆகியோர் சம பங்காகப் பெறுவார்கள்.

டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கல் கோயில் நிலமும் மடத்து நிலமும். தலைமுறை தலைமுறையாக உழுதுவந்தாலும் குத்தகை நிலம் குடும்பத்தின் சொத்து ஆகாது; அதைப் பாகப் பத்திரத்தில் சேர்த்துப் பங்கு கேட்பதில் பொருளில்லை. குத்தகையாளரின் வாரிசுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பும், அந்த வாரிசோ அவர் குடும்பத்தாரோ நிலத்தில் உடலுழைப்பு செலுத்துவதைச் சார்ந்தது என்பதால், திருமணமாகி வெளியூரில் வாழும் மகள் இதில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. எது பட்டா நிலம், எது குத்தகை நிலம் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிட்டால் வீண் மனத்தாங்கல் குறையும்.

மூன்றாம் படி: தேதிகளை வரிசைப்படுத்துதல்

பூர்வீகச் சொத்தில் மகளின் பங்கு சில தேதிகளைச் சுற்றி நிற்கிறது. 17.6.1956-இல் நடைமுறைக்கு வந்த மூலச் சட்டம் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமையை ஆண்களிடமே விட்டுவைத்திருந்தது. 25.3.1989 முதல் செல்லும் தமிழ்நாட்டுத் திருத்தம் மகளையும் பங்காளியாக்கியது, அதாவது பிறப்பாலேயே பங்கு உடையவளாக்கியது. ஆனால் அந்த நாளுக்கு முன்பே திருமணமானவர்களை ஒதுக்கிவைத்தது. "உனக்கு 82-லேயே கல்யாணம் ஆகிவிட்டது, உனக்குச் சட்டத்தில் இடமில்லை" என்று இன்றும் சொல்லப்படுவது அந்தப் பழைய விதியின் எச்சம். 9.9.2005-இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் திருமணமானவள், ஆகாதவள் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லா மகள்களையும் மகனுக்குச் சமமான பங்காளிகளாக்கியது. 1982-இல் மணமானவளுக்கும் அது பொருந்தும்.

தந்தை 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி பல ஆண்டுகள் இழுபறியில் இருந்தது. 2015-இல் பூலவதி வழக்கில் ஆம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 11.8.2020 அன்று வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வின் வழியே அதை மாற்றியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது. ஆகவே தந்தை 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும், சொத்து முறைப்படி பிரிக்கப்படாமல் இருந்தால் அவளுக்குப் பங்கு உண்டு என்பதே இன்றைய நிலை.

மிச்சமிருக்கும் தேதி 20.12.2004. அந்த நாளுக்கு முன்பு நடந்து முடிந்த விற்பனையையும் பாகப்பிரிவினையையும் மகளால் கலைக்க முடியாது. ஆனால் பாகப்பிரிவினை என்றால் பதிவான பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை என்று சட்டமே பொருள் சொல்லிவிட்டது. எனவே "எங்களுக்குள் எப்போதோ பிரித்துவிட்டோம்" என்ற வாய்ச்சொல்லும், நாட்டாண்மை முன்னிலையில் வெள்ளைத்தாளில் எழுதிய கூர்சீட்டும் (பதிவாகாத பாகச் சீட்டு) தாமாகவே மகளின் உரிமையை அடைத்துவிடாது. வாய்மொழிப் பாகத்தை நீதிமன்றம் அறவே ஏற்காது என்றும் நினைத்துவிட வேண்டாம். 1970-களில் பிரித்து, அன்றிலிருந்து தனித்தனிப் பட்டா, தனித்தனித் தீர்வை ரசீது, தனித்தனி விற்பனை என்று அரசு ஆவணங்கள் வரிசையாகச் சாட்சி சொல்லுமானால், விதிவிலக்காக அதை ஏற்கலாம் என்று வினீதா சர்மா தீர்ப்பே இடம் வைத்திருக்கிறது.

2004-க்கு முன்பே தந்தையும் மகன்களும் மட்டும் பதிவுசெய்து பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்று தெரியவந்தால், பத்திரத்தை முழுவதும் படிக்காமல் திரும்பிவிடக் கூடாது. தந்தை தமக்கென்று ஒரு ஷெட்யூல், அதாவது ஒரு பாகப் பட்டியல், ஒதுக்கிக்கொண்டிருப்பார். அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அந்தப் பாகத்தில் மகளுக்கு வாரிசாகப் பங்கு உண்டு.

நான்காம் படி: ஆவணங்களைத் திரட்டுதல்

இதற்கு அண்ணன் தம்பியின் அனுமதி தேவையில்லை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசின் இணைய சேவைத் தளத்திலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்திலும் யாரும் பார்க்கலாம். மிகப் பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். வில்லங்கத்தில் காணும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் சான்றிட்ட நகல் வாங்கிவிடுவது நல்லது. செலவு சிறியது, பின்னால் மிச்சமாகும் அலைச்சல் பெரியது. 1980-களில் நடந்த யூ.டி.ஆர். எனும் நிலப் பதிவேடு புதுப்பிப்புப் பணிக்குப் பின் பல ஊர்களில் பதிவேடுகள் மாறியிருப்பதால், பழைய பத்திரத்தில் உள்ள புல எண்ணும் இன்றைய பட்டாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எல்லை விவரத்தை, அதாவது கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் நிலம் என்ற வரிகளை, ஒப்பிட்டுப் பார்த்தே இரண்டும் ஒரே நிலமா என்று முடிவுசெய்ய வேண்டும்.

பட்டா அண்ணன் பெயரில் தனிப்பட்டாவாக மாறிவிட்டதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பட்டா வருவாய்த்துறையின் கணக்கு. அது உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன.

தந்தையின் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் அடுத்து வாங்க வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையம் வழியே விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து வட்டாட்சியருக்கு அனுப்புவார்கள். மணமான மகளின் பெயர் விடுபட்டுப்போவது பெரும்பாலும் இந்த விசாரணையின்போதுதான். யாரோ விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், தாமும் வாரிசு என்று பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ இணைத்து எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் இல்லாமல் சான்று வந்துவிட்டால் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். சான்றில் பெயர் இல்லாததால் பங்கு போய்விடாது; ஆனால் அந்தச் சான்றைக் காட்டி வங்கியிலும் பட்டாவிலும் வேலைகள் வேகமாக நடந்துவிடும்.

ஐந்தாம் படி: கணக்கிடுதல்

நம் பக்கத்துக் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு வேலி நிலம், அதாவது 20 மா; ஒரு மா என்பது 100 குழி, சுமார் 33 சென்ட். தந்தை 2012-இல் உயில் எழுதாமல் இறந்தார். தாய், இரண்டு மகன்கள், மணமான ஒரு மகள் இருக்கிறார்கள்.

அந்த நிலம் தந்தையின் தனிச்சொத்து என்றால் கணக்கு எளிது. தாய்க்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 5 மா. தந்தையைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு; அப்போது ஐந்து பங்காகி ஆளுக்கு 4 மா. பாட்டியின் பங்கை மறந்துவிட்டுப் போடும் பாகப் பத்திரங்கள் பின்னால் அத்தைமாரின் வழக்காக வந்து நிற்கும், ஏனெனில் பாட்டிக்குப் பின் அந்தப் பங்கில் அத்தைகளுக்கும் உரிமை உண்டு.

அதே நிலம் பூர்வீகம் என்றால் இரண்டு தடவை பிரிக்க வேண்டும். தந்தை இறப்பதற்குச் சற்றுமுன் பாகம் பிரிந்ததாகச் சட்டம் கற்பித்துக்கொள்கிறது. தந்தை, இரண்டு மகன்கள், மகள் என்று நான்கு பங்காளிகள். ஆளுக்கு 5 மா. தென்னாட்டு வழக்கில் அந்தப் பிரிவினையில் தாய்க்குத் தனிப் பங்கு இல்லை. பிறகு தந்தையின் 5 மாவைத் தாயும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு 1¼ மாவாகப் பெறுகிறார்கள். ஆக ஒவ்வொரு பிள்ளைக்கும் 6¼ மா, அதாவது 625 குழி. தாய்க்கு 1¼ மா. மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவு என்பதைக் கவனிக்க வேண்டும்.

தந்தைக்கு முன்பே இறந்துபோன சகோதரி இருந்தால் அவளுடைய பிள்ளைகள் அவள் இடத்தில் நின்று பங்கு பெறுவார்கள். மாமன் வீட்டுச் சொத்தில் நமக்கு என்ன என்று அந்தப் பிள்ளைகள் ஒதுங்கியே நின்றாலும், அவர்களைச் சேர்க்காத பத்திரம் குறையுள்ள பத்திரமே. உரிமையோடு சுமையும் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: குடும்பத் தேவைக்காக நிலத்தின் மேல் முறையாக வாங்கிய கடன் நிலுவையில் இருந்தால், பங்காளியான மகளும் அதற்கு உட்பட்டவளே.

வீட்டைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கும்படி ஆண் வாரிசுகள் முன்வராதவரை மகள் கேட்க முடியாது என்று 23-ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருந்தது. 2005 திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. வீடு ஆண்பிள்ளைக்கு என்ற சொல் வழக்கத்தில் மட்டுமே உயிரோடு இருக்கிறது.

ஆறாம் படி: எதிரே வைக்கப்படும் தாள்களைச் சோதித்தல்

பங்கு கேட்டதும் பெட்டியிலிருந்து ஒரு தாள் வெளியே வரும். அது உயிலாக இருந்தால், தந்தை தம் தனிச்சொத்தையும் பூர்வீகத்தில் தமக்குள்ள பங்கையும் மட்டுமே உயிலில் எழுத முடியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மேற்கண்ட கணக்கில் 20 மாவையும் மூத்த மகனுக்கு எழுதியிருந்தாலும், அந்த உயில் செல்வது 5 மாவுக்குத்தான். மகளின் பிறப்புரிமையான 5 மா அப்படியே நிற்கும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். நீதிமன்றத்தில் அவர்களுள் உயிரோடு இருக்கும் ஒருவரையாவது விசாரித்தே அதை நிரூபிக்க முடியும். பதிவான உயில் என்பதாலேயே அந்த வேலை மிச்சமாகாது.

அது செட்டில்மெண்டாக இருந்தால் வேறு விதி. பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தில் தம் பங்கைத் தந்தை உயிலால் கொடுக்கலாம். மற்றப் பங்காளிகளின் சம்மதமின்றித் தானமாகக் கொடுக்க முடியாது. தனிச்சொத்துக்கு இந்தத் தடை இல்லை.

விடுதலைப் பத்திரம்தான் மிகக் கடினமானது. மகள் தானே கையெழுத்திட்டுப் பதிவுசெய்த பத்திரத்தை, படிக்காமல் போட்டேன் என்ற ஒரு காரணத்தால் கலைத்துவிட முடியாது. ஏமாற்றோ வற்புறுத்தலோ நடந்ததை நிரூபிக்க வேண்டும், அதுவும் அது தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் தந்தை உயிரோடு இருந்தபோது, அவருடைய தனிச்சொத்தில் பின்னால் வரக்கூடிய பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய பத்திரத்தின் நிலை வேறு. இன்னும் பிறக்காத உரிமையைக் கைமாற்ற முடியாது என்பது பொது விதி. அதற்காக ஒரு தொகை வாங்கியிருந்தால் மட்டும், அதைச் சொல்லி எதிர்த்தரப்பு வாதிட வழி உண்டு.

சீர்வரிசை பற்றியும் சொல்லவேண்டும். நாற்பது பவுன் போட்டோம், சம்பந்தி வீட்டுக்குப் பாத்திரம் பண்டம் அனுப்பினோம், தாய்மாமன் சீர் ஒவ்வொரு சடங்குக்கும் குறையாமல் வந்தது என்று அடுக்குவது வழக்கம். இவற்றைப் பங்கிலிருந்து கழிக்கும்படி வாரிசுரிமைச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. மகனின் படிப்புக்கும் அவனுடைய வெளிநாட்டு வேலைக்கும் தந்தை செலவழித்ததை யாரும் கணக்கில் கொண்டுவராதபோது, மகளின் நகையை மட்டும் கணக்கில் எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆயினும் பேச்சுவார்த்தையில் அந்தக் கணக்கு வந்தே தீரும். அதற்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருப்பது நல்லது.

ஏழாம் படி: பேசித் தீர்த்துப் பத்திரம் எழுதுதல்

ஐந்தாம் படியின் கணக்கைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பேசப் போனால் பேச்சின் தொனியே மாறிவிடும். சிலர் நிலமாக வாங்குவார்கள். சிலர் தம் பங்குக்கு ஈடாகப் பணமோ ஊருக்கு அருகில் மனையோ கேட்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு விடுதலை கொடுப்பதானால், முழுத்தொகையும் வங்கி வழியே வந்து சேர்ந்த பிறகே பதிவு என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அறுவடை முடிந்ததும் தருகிறேன் என்ற வாக்கை நம்பிப் பதிந்துவிட்டால், அந்த அறுவடை எப்போது முடியும் என்று சொல்ல முடியாது.

நிலமாகப் பிரிப்பதானால் பத்திரத்தில் பரப்பளவை மட்டும் எழுதினால் போதாது. தலைமடை நிலமா கடைமடை நிலமா என்பதே இங்கே மதிப்பைத் தீர்மானிக்கிறது. மகளின் பாகத்துக்கு எந்த வாய்க்காலிலிருந்து எந்த மடை வழியே தண்ணீர் வரும், வடிகால் எங்கே, டிராக்டரும் அறுவடை இயந்திரமும் போகும் பாதை எது, ஆழ்துளைக் கிணற்றிலும் தந்தை பெயரிலுள்ள இலவச மின் இணைப்பிலும் யாருக்கு எத்தனை பங்கு, களமும் தென்னையும் யாருக்கு என்று ஒவ்வொன்றையும் எழுதிவிட வேண்டும். அண்ணன் வயலைத் தாண்டித்தான் தண்ணீர் வர வேண்டும் என்ற நிலையில் பாசன உரிமை எழுதப்படாத பாகம், ஒரு சம்பாவிலேயே சண்டையாகிவிடும். நில அளவரை வரவழைத்து அளப்பதைக் கோடையில், வயல் காய்ந்து வரப்புத் தெளிவாகத் தெரியும்போது வைத்துக்கொள்ளலாம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குறுவை, தாளடி என்று அடுத்த பிப்ரவரி வரை சங்கிலி பிடிக்க இடமிருக்காது.

குடும்பத்தாருக்குள் செய்துகொள்ளும் பாகப்பிரிவினைக்கும் விடுதலைக்கும் தமிழ்நாட்டில் 1 சதவீத முத்திரைத்தீர்வையும் 1 சதவீதப் பதிவுக்கட்டணமும் உண்டு. 2023 ஜூலையில் இவற்றின் உச்சவரம்பு முறையே ரூ.40,000, ரூ.10,000 என உயர்த்தப்பட்டது. பதிவு செய்யும் வாரத்தில் நடப்புக் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிவான பின் உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெறும் வரை வேலை முடியவில்லை. பயிர்க் காப்பீடும் கூட்டுறவுச் சங்கக் கடனும் வெள்ள நிவாரணமும் பட்டாவில் உள்ள பெயரைப் பார்த்தே வருகின்றன.

எட்டாம் படி: பேச்சு முறிந்தால் பாகப்பிரிவினை வழக்கு

முதலில் வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்பி, நிலம் அமைந்துள்ள பகுதியின் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். குடும்பத்தின் எல்லாச் சொத்துகளையும் எல்லாப் பங்குதாரர்களையும் சேர்க்க வேண்டும். ஒரு புல எண்ணுக்கு மட்டும் பாகம் கேட்டால் வழக்கு அதனாலேயே விழலாம். ஏற்கெனவே ஒரு பகுதியை வாங்கியிருப்பவரையும் தரப்பாகச் சேர்க்க வேண்டும். விற்பனை நடக்கும் அபாயம் இருந்தால் இடைக்காலத் தடையாணை கேட்கலாம். சார்பதிவாளருக்கு ஆட்சேப மனுக் கொடுத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. உரிமையைத் தீர்க்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவர் அதன் முடிவுக்குக் கட்டுப்பட்டவர்.

நீதிமன்றக் கட்டணம், மகள் கூட்டு உடைமையில் இருக்கிறாளா, வெளியேற்றப்பட்டவளா என்பதைப் பொறுத்தது. முதல் நிலையில் குறிப்பிட்ட ஒரு சிறு தொகை. இரண்டாவதில் அவள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். 2017-க்கு முன் இது 7.5 சதவீதமாக இருந்தது. ஒரு பங்காளியின் கையில் நிலம் இருந்தால் அது எல்லோருக்காகவும் இருப்பதாகவே சட்டம் கொள்ளும். "உனக்கு உரிமை இல்லை" என்று வெளிப்படையாக மறுத்த நாளிலிருந்துதான் 12 ஆண்டு என்ற காலவரம்பு ஓடத் தொடங்கும். இந்த இடத்தில் வழக்கமான ஒரு சிறு செய்கைக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆண்டுதோறும் அண்ணன் தங்கைக்கு நான்கு மூட்டை நெல் கொண்டுவந்து போடுகிறார் என்றால், அது பொங்கல் சீரா, நிலத்தின் வருமானத்தில் பங்கா என்பது பின்னால் கேள்வியாகும். "உன் பங்கு நெல் அனுப்பியிருக்கிறேன்" என்று வரும் ஒரு வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருப்பது உதவும்.

வழக்கில் முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. அது யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். நிலத்தைப் பிரிக்க வழக்கறிஞர் ஆணையர் நில அளவருடன் வந்து அளந்து அறிக்கை கொடுத்து, இறுதித் தீர்ப்பாணை முத்திரைத்தாளில் எழுதப்பட்ட பின்பே பாகம் முழுமையாகும். பலர் முதல்நிலைத் தீர்ப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கில் வென்றுவிட்டதாக ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். 2005-க்கு முன்பு முதல்நிலைத் தீர்ப்பாணை பெற்ற பழைய வழக்குகளிலும், இறுதித் தீர்ப்பாணை வராதவரை மகளின் பங்கைத் திருத்தலாம் என்று 2011-இல் கண்டூரி கோட்டேஸ்வரம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடந்த ஆண்டுகளின் விளைச்சல் வருமானத்தில் தன் பங்கையும் சேர்த்தே கேட்க மறக்கக் கூடாது.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லை என்பவர் 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். பெண் என்ற ஒரே தகுதியில், வருமான வரம்பு பாராமல், இலவச வழக்கறிஞரைப் பெற அவருக்கு உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ வட்டச் சட்டப்பணிகள் குழுவிலோ ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். அவர்கள் முதலில் சமரசத்துக்கு முயல்வார்கள். வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

ஒன்பதாம் படி: பெற்ற பங்கைத் தனக்குப் பின் யாருக்கு என்று தீர்மானித்தல்

பங்கு கைக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. தாய் தந்தையிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்து, அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லாமல், உயிலும் இல்லாமல் அவள் இறந்தால், 15-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி கணவருக்குப் போகாது. அவளுடைய தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். பத்தாண்டு வழக்காடி அண்ணனிடமிருந்து வாங்கிய நிலம் அந்த அண்ணனிடமே திரும்பலாம். பிள்ளையில்லாத பெண் தன் கணவருக்கோ, தன்னைக் கவனித்துக்கொள்ளும் வேறொருவருக்கோ அந்த நிலம் சேர வேண்டும் என்று நினைத்தால், தனிப்பட்டா வாங்கிய கையோடு இரண்டு சாட்சிகளை வைத்து ஓர் உயில் எழுதிப் பதிவுசெய்துவிட வேண்டும்.